வாப்பாவின் நெஞ்சில் தேன்கூடு

எங்கள் வீட்டுக்குள் கொம்பியூட்டர் வருவதற்கு முன்பே வாப்பாவின் நெஞ்சுக்குள் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் கல்முனைக்குடியில் கொம்பியூட்டர் என்றால், வகுப்பு நடத்துகிறவர் துணி போர்த்தி வைத்திருக்கும் சாமான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். பள்ளிவாசலுக்கு அடுத்தபடியாக அந்த மரியாதை அதற்குத்தான் கிடைத்தது.

வாப்பாவுக்கு ஒரே ஆசை, ஹஜ். அந்த வருடமே போவதென்று இருந்தவருக்குப் பள்ளிவாசலுக்குப் போய்வரவே மூச்சு வாங்கத் தொடங்கியது. கல்முனையில் பார்த்த டொக்டர்மார் கொழும்புக்கு அனுப்பினார்கள். துணைக்கு இளைய மகள் நானும் மூத்தவள் ராத்தாவின் மாப்பிள்ளையும் போனோம். மச்சான் சவூதியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஆகவே ஆங்கிலம், வைத்தியம், கொம்பியூட்டர் மூன்றும் அவருக்கு அத்துப்படி.

வாப்பாவை வெளியே வாங்கில் இருத்திவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். டொக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். நுரையீரல் நார் பிடித்து இறுகுகிறதாம். எவ்வளவு இறுகிவிட்டது என்று கொம்பியூட்டரைக் கொண்டு அளந்து, நோய் இனி எப்படிப் போகும் என்று கணித்திருக்கிறார்களாம். புது முயற்சி, அதையே முழுதாக நம்பவும் வேண்டாம் என்றார். ஆனால் ஓட்டை ஓட்டையாக 'ஹனிகோம்ப்' தெரிகிறது, நோய் வேகமாக 'புரோகிரஸ்' ஆகும், போகவேண்டிய பயணம் இருந்தால் பிந்த வேண்டாம் என்றார். மச்சான் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து அவர் அதைத் தமிழாக்கிய அழகைக் கேட்டிருக்க வேண்டும்.

"பயப்படாதீங்க மாமி. மாமாட நெஞ்சுக்குள்ள தேன்கூடு இரிக்காம். கெதியா முன்னேற்றம் வருமெண்டு கொம்பியூட்டரே சொல்லிட்டு."

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். தேன்ல ஷிபா, நோய்க்கு மருந்து இரிக்கெண்டு ஹஸ்ரத்மார் சொல்றதுதானே."

"அது நல்ல சேதி இல்ல உம்மா. கூடுகூடா ஓட்ட விழுந்திரிக்கெண்டுதான் டொக்டர் சொன்ன," என்றேன்.

"ஒனக்குக் கரிநாக்கு. வாய மூடு."

மூடினேன். கோமாரியிலிருந்து சொந்தக்காரர்கள் காட்டுத்தேன் அனுப்பினார்கள். நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு போத்தலோடு வந்தார்கள். முன்னேற்றம்தான் வருகிறதே, உடம்பு நன்றாகத் தேறட்டும், ஹஜ்ஜுக்கு அடுத்த வருடம் போகலாம் என்று மச்சான் தீர்ப்பளித்தார். வாப்பா மறுபேச்சுப் பேசாமல் காலையும் மாலையும் தேன் குடித்தார்.

உம்மா வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம், வாப்பா ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார்.

"தேன்கூடு எங்க மகள்?"

காட்டினேன்.

"டொக்டர் என்னதான் சொன்ன?"

பயணத்தைப் பிந்த வேண்டாம் என்றதுவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப கூடு மட்டுந்தான். தேன் இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதற்கு அவருக்கு மூச்சில்லை.

அன்று சோற்றுக்கு உட்கார்ந்தபோது எல்லாருக்கும் கேட்கும்படி வாப்பா சொன்னார்: "தேன் நல்லா வேல செய்யிது. நான் இந்த வருசமே போயிட்டு வாறன்." உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மச்சான் தானே நோயைச் சுகப்படுத்தியதுபோல் இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொண்டார்.

வாப்பா ஹஜ்ஜுக்குப் போனார், மக்காவின் ஸம்ஸம் தண்ணீரோடு திரும்பியும் வந்தார். அடுத்த வருடத்து ஹாஜிமார் புறப்பட்டபோது அவர் மையவாடி மண்ணுக்குள் இருந்தார்.

மச்சானுக்கு இன்னும் ஆறவில்லை. "கொம்பியூட்டர் பொய் சொல்லிட்டு," என்கிறார்.

"தேன் குடிச்சபடியாத்தான் ஹஜ்ஜாவது கிடைச்ச," என்கிறார் உம்மா.

நான் வாயைத் திறப்பதில்லை. எனக்குத்தான் கரிநாக்காயிற்றே.