கிண்ணியா பஸ்ஸின் பதினொரு நிமிடங்கள்

செயற்பாட்டு ஆராய்ச்சி என்பது, ஒரு வேலையை ஒருநாளும் செய்து பார்க்காத ஒருவர், அதைத் தினமும் செய்கிறவரிடம் போய், இதை இன்னும் குறைந்த நேரத்தில் செய்யலாம் என்று நிரூபித்துக் காட்டும் தொழில்.

இதை முதுமாணி வரைக்கும் படித்துவிட்டு இனி என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருக்கும் என் சக பாவப்பட்டவர்களே, வேலைக்குப் போகப்போகும் உங்களுக்கு உதவும்படி நாலு அனுபவம் எழுதித் தரச்சொல்லி உங்கள் துறையில் இருந்து மின்னஞ்சல் வந்தது. இருக்கிற அனுபவங்களை எல்லாம் கொட்டிப் பார்த்தேன். பெருமையாகச் சொல்ல ஒன்றும் தேறவில்லை. வெட்கப்பட்டுச் சொல்லத்தான் இருக்கிறது. அதையே எழுதுகிறேன், வாசித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

வெள்ளைப் பலகை

என் முதல் நேர்முகப் பரீட்சை, சீனன்குடாவுக்கு அப்பால் இருக்கும் ஒரு தொழிற்சாலையில். அங்கே வேலை செய்பவர்களை ஏற்றிவர ஐந்து பஸ்கள் ஓடின. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி, நகரம் என்று ஐந்து பாதை. இதில் ஏதோ ஒன்று தினமும் பிந்தி வரும். அந்த ஒரு பஸ்ஸுக்காக மற்ற எல்லாரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதுதான் அவர்களுடைய பிரச்சினை.

முகாமையாளர் அமைதியான மனிதர். "இதை எப்படிச் சரிக்கட்டுவீங்கள்?" என்றுதான் கேட்டார். நான் எழுந்து போய் அவருடைய வெள்ளைப் பலகையில் குறிக்கோள் சார்பு, கட்டுப்பாடுகள், மாறிகள் என்று மேலிருந்து கீழ்வரை எழுதித் தள்ளினேன். பலகை முடிந்தது, என் கை நிற்கவில்லை. ஓரத்தில் யாரோ எழுதி வைத்திருந்த அன்றைய சாப்பாட்டு எண்ணிக்கையையும் அழித்துவிட்டு எழுதினேன். அன்று பத்துப் பேருக்குச் சோறு குறைந்ததாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். முகாமையாளர் கடைசிவரை பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, வடிவா எழுதுறீங்கள். இனி அதை அழிச்சுப்போட்டு, பஸ் எத்தினை மணிக்கு வரும் எண்டு சொல்லுங்கோ."

அம்மா சொன்ன உத்தியோகம்

வேலை கிடைத்தது. என்ன வேலை என்று ஊருக்குச் சொல்வதுதான் பெரிய பாடாகப் போய்விட்டது. அம்மாவுக்கு மூன்று தரம் விளங்கப்படுத்தினேன். அம்மா அதைச் சுருக்கி, "பஸ்ஸுகளுக்கு நேரம் பாக்கிற வேலை" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிவிட்டார். எனக்கு மானம் போனமாதிரி இருந்தது. ஆறு வருடப் படிப்பு, இரண்டு ஆய்வுக்கட்டுரை, இதற்கா என்று குசினிக்குள் நின்று அம்மாவோடு சண்டை பிடித்தேன். வெட்கப்பட வேண்டாத இடத்தில் வெட்கப்படுவதில் நான் எப்போதும் முந்திக்கொள்வேன். மாமி மட்டும் நல்ல சந்தோஷமாக வேலிக்கு மேலால் குரல் கொடுத்தார்: "அப்ப எங்கட பஸ் ஸ்ராண்டில நிக்கிற ரைம்கீப்பர் மாதிரியோ? நல்லது பிள்ளை, நிழலுக்குள்ள இருந்து செய்யிற வேலை!"

மானுக்கு எத்தனை நிமிடம்?

கணக்குப் போட முதலில் தரவு வேண்டும். ஒரு போர்ம் அடித்தேன். ஒவ்வொரு தரிப்பிலும் எத்தனை நிமிடம், ஒரு தரிப்பில் இருந்து அடுத்ததற்கு எத்தனை நிமிடம், எங்கே சும்மா நிற்கிறீர்கள் என்று அதில் பெட்டிகள். ஐந்து சாரதிமாரையும் கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஒரு வாக்கும் கொடுத்தேன். "இது நேரத்துக்கு வாறதுக்கு மட்டும்தான். இதால ஒருத்தருக்கும் ஒரு பாதிப்பும் வராது" என்றேன். அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

நாலு பேர் என்னை நம்பவில்லை. அனுபவசாலிகள். காற்சட்டை போட்ட பிள்ளை போர்மோடு வந்தால் பின்னால் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து நிமிடப் பாதைக்குப் பன்னிரண்டு என்று எழுதினார்கள். மாடு படுத்திருக்கும், பாலத்தில் நெரிசல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. விடிய ஐந்தரை மணிக்கு எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். நகர பஸ் ஓட்டிய குணம் அண்ணைதான் எல்லாரையும் விஞ்சினார். கோட்டையடியில் திரியும் மான்களைச் சொல்லி ஒவ்வொரு தரிப்புக்கும் நேரம் கூட்டினார். பிறகு போர்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: "மிஸ், மான் கடக்கிற நேரம் எழுத இதில ஒரு பெட்டி இல்லையோ?"

நம்பியவர்

ஐந்தாவது ஆள் லத்தீப் நானா. கிண்ணியா பஸ்ஸைப் பதினாலு வருடமாக ஓட்டுகிறவர். போர்மை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் சொல்லி நீங்க எழுதுறதை விட, நாளைக்கு ஏறி வந்து பாருங்களேன்" என்றார். அடுத்தநாள் விடியப் போனேன். முன் இருக்கையைத் துடைத்துத் தந்தார். ஒவ்வொரு தரிப்பு வரும்போதும், "இது ரெண்டு நிமிஷம். இங்க ஒரு நிமிஷம் போதும், ரெண்டு பேர்தான்" என்று தானாகவே சொல்லிக்கொண்டு வந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. உண்மையான தரவு எப்படி இருக்கும் என்று படிப்புக் காலம் முழுக்க ஆசைப்பட்டிருக்கிறேன். அது கண்ணுக்கு முன்னால் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு இருந்தது.

கிண்ணியாப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிற்பாட்டி, ஒரு பிளேன்ரீ குடித்தார். எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். சுபஹ் தொழுத கையோடு வெளிக்கிட்டுவிடுவதால் தினமும் முந்தி வந்துவிடுவாராம். அந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்று நான்தான் தயங்கினேன். அவர் தயங்கவில்லை: "பதினொரு நிமிஷம் சும்மா நிக்கிற எண்டே எழுதிக்கங்க தங்கச்சி, இரிக்கிறதைத்தானே சொல்லணும்."

கேட்காத கேள்விக்கு விடை

இனி வருவது தொழில்நுட்பம், பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து போர்மையும் கணினிக்குள் போட்டேன். எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் குறிக்கோள் சார்பு எழுதும் இடம் வந்தது. முகாமையாளர் கேட்டது பஸ்கள் நேரத்துக்கு வருவதை. ஆனால் நாம் படித்த ஒவ்வொரு பாடப்புத்தகத்திலும் அந்த இடத்தில் "வாகனங்களின் எண்ணிக்கையைக் குறை" என்றுதான் இருக்கும். பழக்கதோஷத்தில் நானும் அதையே எழுதினேன்.

கணினி ஐந்து பஸ்ஸை நாலாக்கித் தந்தது. எந்த பஸ்ஸை எடுத்தது என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். மற்றவர்களின் தரிப்புகளை எந்த பஸ்ஸோடு சேர்த்தாலும் நேரம் போதாது, அவ்வளவு மாடும் மானும் குறுக்கே நின்றன. லத்தீப் நானாவின் தரிப்புகள் மட்டும் ஒன்று, இரண்டு நிமிடம்தான். மூதூர் பஸ் எப்படியும் கிண்ணியாவால்தான் வருகிறது, அதோடு லேசாகச் சேர்த்துவிடலாம். பதினொரு நிமிடம் சும்மா நிற்கிற பஸ் வேறு. நாலு போர்ம் பொய், ஒன்று உண்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஐந்தையும் ஒன்றாகப் போட்டேன், ஏனென்றால் ஐந்திலும் கையெழுத்து இருந்தது. விடை வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினேன். கணினியில் அந்த பஸ் "இலக்கம் இரண்டு" மட்டும்தான். முகாமையாளர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்: "நான் கேட்டது நேரத்துக்கு வரச்சொல்லி. நீங்கள் ஒரு பஸ்ஸையே மிச்சம் பிடிச்சுத் தந்திருக்கிறீங்கள்!"

ஆரை எடுக்கிறது?

பஸ்ஸோடு சாரதியையும் நிற்பாட்டப் போகிறார்கள் என்பது இரண்டு கிழமை கழித்து, நிருவாகப் பிரிவில் கடிதம் அடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ் போனால் ஓட்டுகிறவர் எங்கே போவார் என்ற கேள்வி முதுமாணிப் பட்டம் பெற்ற எனக்கு அதுவரை வரவில்லை. ஓடிப்போய் முகாமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற நாலு பேரும் நேரத்தைக் கூட்டி எழுதினார்கள், நான் தெரிந்தும் விட்டுவிட்டேன், சரியான நேரம் போட்டால் கிண்ணியா பஸ்ஸுக்குப் பதிலாக நகர பஸ்ஸையும் எடுக்கலாம் என்று வரும், இந்த விடை பிழை என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குணம் அண்ணையின் மகளுக்கு அந்த மாதம்தான் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள், அது எனக்கும் தெரியும், முகாமையாளருக்கும் தெரியும். "ஐந்து பேரும் இருக்கட்டும், நீங்கள் கேட்டது நேரம் மட்டும்தானே" என்று நான் சொல்லியிருக்கலாம். அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. அந்த அறையில் நிற்கும்போது, மற்ற நாலு பேரில் ஒருவரைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்று என் மண்டையும் கணினி மாதிரியே யோசித்துக்கொண்டிருந்தது. அவர் பேனையைத் திறந்து கடிதத்தை முன்னால் இழுத்து வைத்தார்: "அப்ப ஆரை எடுக்கிறது? பெயரைச் சொல்லுங்கோ, மாத்தி எழுதுறன்."

நான் பெயர் சொல்லவில்லை. அதனால் அந்தக் கடிதத்தில் இருந்த பெயர் அப்படியே இருந்தது.

திறப்புக் கொடுத்த நாள்

கடிதத்தை நான் கொடுக்கவில்லை. நிருவாகப் பிரிவு கொடுத்தது. அந்தக் கிழமை முழுக்க நான் மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டேன், சாப்பாட்டு அறைக்குப் போனால் சாரதிமாரைப் பார்க்க வேண்டிவரும். கடைசி நாள் லத்தீப் நானா பஸ்ஸைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டிருந்தார். பஸ்ஸைப் பூட்டி, திறப்பை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, என்னைத் தேடி மேலே ஏறி வந்தார். படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டபோது எனக்கு மேசைக்குக் கீழே ஒளிக்கலாம் போல இருந்தது. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் ஏசவில்லை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. கையில் என்னுடைய போர்மின் பிரதி இருந்தது. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார். அதை விரித்து மேசையில் வைத்து, விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். அவர் என்ன தேடுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, சாதாரணக் குரலில் கேட்டார்: "தங்கச்சி, நான் சொன்ன நேரத்தில ஏதும் பிழை இரிந்திச்சா?"

அடுத்த நேர்முகம்

"இல்லை நானா, உங்களுடையது மட்டும்தான் சரி" என்று அவரிடம் நான் சொல்லவில்லை. "இல்லை" என்பது வரைக்கும்தான் வாய் வந்தது. அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று போர்மைத் திரும்ப மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். இப்போது நகரத்தில் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். லீவுக்கு ஊருக்கு வரும்போது நான் ஸ்ராண்டில் இறங்குவதில்லை. ஒரு தரிப்பு முந்தி இறங்கி, பையையும் தூக்கிக்கொண்டு சுற்றி நடந்து வீட்டுக்குப் போகிறேன். குறுகிய பாதை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

லீவுக்கு வருகிறேன் என்றேன் அல்லவா, நான் இப்போது இருப்பது கொழும்பில். அங்கே ஒரு பெரிய கம்பனியின் நேர்முகத்துக்கு என் சுயவிபரத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ஐந்து பஸ்ஸை நாலாகக் குறைத்தவர், அனைவரும் குறித்த நேரத்தில். பொய் ஒன்றும் இல்லை, நாலு பஸ்ஸும் நேரத்துக்குத்தான் வந்தன. மூன்று பேர் இருந்த அந்தக் குழுவில் நடுவில் இருந்தவர் அந்த வரியின் கீழே பேனையால் கோடு போட்டார். நடந்ததைச் சொல்ல நல்ல இடம் அதுதான். நான் கழுத்துச் சால்வையைச் சரிசெய்துகொண்டு நன்றி சொன்னேன். அவர் மற்ற இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "இப்பிடி ஆக்களைத்தான் நாங்கள் இவ்வளவு நாளும் தேடினனாங்கள்."

ஆகவே மாணவர்களே, இந்தத் துறையில் வேலை கிடைக்குமா என்று கேட்டால் கட்டாயம் கிடைக்கும், எனக்கு லத்தீப் நானாவுடையது கிடைத்தது.