இரண்டே விமானங்கள் இருந்த விமானப்படை

மூன்று ஆண்டுகளுக்கு முன், கனடாவில், மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெயர்ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்போது என்னிடம் கார் இல்லை. கூட வேலை செய்த ஒருவர் தினமும் பிறம்ரனில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து என்னை ஏற்றிப் போவார். ஆபிரிக்காவில் ஒரு சின்னஞ்சிறு நாட்டைச் சேர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வழி நெடுகக் கதையும் சிரிப்பும்தான். என் மனைவி செய்யும் மட்டன் ரோல்ஸ் என்றால் அவருக்கு உயிர்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் தன் ஃபோனில் பழைய படமொன்றைக் காட்டினார். விமானத்துக்குப் பக்கத்தில் சீருடையோடு நிற்கிறார். இருபது வருடம் தன் நாட்டு விமானப்படையில் விமானியாக இருந்தாராம். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போனேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு விமானப்படை என்றால் ஒன்றுதான் தெரியும், பதுங்குகுழிக்குள் பாய வேண்டும்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனேன். இரண்டு பஸ் மாறி, குளிரில் விறைத்து, வேலைக்கும் பிந்தினேன். ரோல்ஸ் கொடுப்பதையும் நிறுத்தினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதில் என்னை வெல்ல ஆளில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு மனைவி பொறுமை இழந்தாள்.

"உந்த மனுசனே எங்கட ஊரில குண்டு போட்டவர்? அங்க என்ன வேலை செய்தனீங்கள் எண்டு ஒருக்காவது கேட்டனீங்களே?"

கேட்கவில்லைதான். வேலையிடத்தில் எனக்கிருந்த ஒரே சிநேகிதரை ஒரு படத்துக்காக இழக்கப் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த நாள் அவரிடம் போய் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். நீங்களும் குண்டு போட்டிருக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. என் தோளில் கையை வைத்தார். பிறகு சொன்னார். அவர்களுடைய விமானப்படையில் இருந்ததே இரண்டு சின்ன விமானங்கள். அதிலும் ஒன்று எப்போதும் உதிரிப்பாகத்துக்குக் காத்துக் கிடக்கும். மருந்து கொண்டு போவது, வெள்ளத்தில் அகப்பட்ட ஊர்களுக்கு அரிசி போடுவது, பிள்ளைப்பேற்றுக்குப் பெண்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருவது, இதுதான் வேலை. "நான் மேலேயிருந்து போட்டு உடைத்தது ஒன்றே ஒன்றுதான். அரிசி மூட்டை விழுந்து ஒரு தலைமையாசிரியரின் வீட்டுக் குசினிக் கூரை போய்விட்டது" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

அந்தக் கோடையில் ரொறன்ரோ ஏரிக்கரைப் பூங்காவில் அவருடைய பழைய படையினர் ஒன்றுகூடினார்கள். இங்கே இருப்பது மொத்தம் நான்கு பேர். எங்களையும் கூப்பிட்டிருந்தார். ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், இவருடைய விமானத்திலேயே, நடுவானில் பிறந்தவளாம். என் மனைவி கண்ணைத் துடைத்தாள். அந்தப் பெண் தன் மகனை என் கையில் தந்து, இவனுக்கும் அவருடைய பெயர்தான் என்றாள். சந்தோஷத்தில் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவரைப் பற்றி முடிவு கட்ட மனம் ஓடும்போதெல்லாம், அந்தப் பிள்ளையின் சின்னக் கனம் இன்றும் என் கையில் தெரிகிறது.