சொர்ணவல்லி அக்கா காத்திருந்த ஜூன்

இலுப்பூர் ஆபீஸில் என் பக்கத்து சீட் சொர்ணவல்லி அக்காவுக்கு. கம்பெனிகளுக்கு ஜனங்கள் போனில் சொல்லும் புகார்களை ஹெட்போனில் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் டைப் செய்வதுதான் எங்கள் வேலை. யாராவது கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் அக்காவுக்குக் கை ஓடாது. "பிளெஸ்ஸி, இதை மட்டும் நீ அடிச்சுக் குடு" என்பார். என் வாயைப் பற்றி அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அக்காவின் புருஷன் வெள்ளைச்சாமி ஆலங்குடிக்காரர். இன்னொருத்தியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு அக்காவை வீட்டைவிட்டு அனுப்பினார். மகள் அன்புமொழியை மட்டும் விடவில்லை. பேசித் தீர்க்க உட்கார்ந்த பெரிய மனிதர்கள், "நிலையா ஒரு வேலை, வாடகைக்கு ஒரு வீடு, ரெண்டையும் காட்டிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்கள். தப்புச் செய்தவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா டைப்பிங் கற்று வேலையில் சேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்தார். அடுத்த ஜூனில் மகளை இங்கே எட்டாம் வகுப்பில் சேர்ப்பதாகப் பேச்சும் முடிந்துவிட்டது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆபீஸுக்கு ஏஐ வந்தது. குரலைக் கேட்டு அதுவே டைப் செய்யும். தப்பை மட்டும் நாங்கள் திருத்த வேண்டும். மேனேஜர் அரவிந்த்குமார், "அக்கா, புதுசா வந்ததுக்கு ஒங்க கையால பொட்டு வைங்க" என்றார். அது ஓடும் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். என்ன வேண்டியிருப்பார் என்று கேட்கவா வேண்டும்!

நம் ஊர்ப் பேச்சு அதற்கு முதலில் பிடிபடவே இல்லை. யாராவது "அங்கிட்டு" என்றாலே முழித்தது. அக்கா சலிக்காமல் திருத்தித் திருத்திக் கொடுத்தார். பங்குனி பிறந்தபோது திருத்துவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. என்னைப் போல டிகிரி முடித்த சிலரை வைத்துக்கொண்டு மற்றவர்களை நிறுத்திவிட்டார்கள். அக்கா பிளஸ் டூ.

பிறகு துணிக்கடையில் வேலை கிடைத்தது. ராத்திரி கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். "அதுவரைக்கும் பொட்டப்பிள்ளை தனியாக் கெடக்கணுமா?" என்று வெள்ளைச்சாமி கேட்டார். பெரிய மனிதர்களும் தலையாட்டினார்கள். பிள்ளை ஆலங்குடியிலேயே இருக்கட்டும் என்று ஆகிவிட்டது.

மே லீவுக்கு வந்த அன்புமொழியிடம் அக்காவே அதைச் சொன்னார். அவள் அழவில்லை. லீவு முடிந்து அவளை ஏற்றிவிட நானும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அக்காவைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

ஆலங்குடி பஸ் புறப்படும் நேரத்தில் அன்புமொழி ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"அம்மா, சித்தியை அம்மான்னு கூப்பிடச் சொல்லி அப்பா ஏசுறாரு. ஜூன்ல ஒங்கிட்ட வந்துருவோமேன்னு இத்தன நாளும் கூப்பிடாமலே இருந்தேன். இனிமே கூப்பிடட்டுமா?"

பஸ் நகர்ந்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

"கூப்பிடு தாயி" என்றார்.