கரி பஸ்ஸின் மூன்றாவது ஆள்

எங்கள் டிரைவரைக் கொன்றது நீங்கள்தான், முதலாளி. கண்மாய் வளைவு கொல்லவில்லை.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், புதுக்கோட்டையிலிருந்து மணமேல்குடி போகும் உங்கள் பஸ் கரியில் ஓடியது. பின்புறம் ஓர் இரும்பு அடுப்பு. கரியைப் பற்றவைத்து, காற்றாடியைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் வாயு வரும், இஞ்சின் கிளம்பும். பஸ்ஸுக்கு மூன்று ஆட்கள்: டிரைவர், கண்டக்டராக நான், ஒரு மாற்று டிரைவர். டிரைவருக்கு உடம்பு முடியாத நாளில் மாற்று டிரைவர் ஓட்டுவார். மற்ற நாட்களில் விடியும்போதே வந்து அடுப்பு மூட்டுவார். அந்தப் புகை பொல்லாதது. தலையைச் சுற்றும், குமட்டும். பஸ் புறப்படும் நேரத்தில் அவர் ஷெட் வேப்பமரத்தடியில் சுருண்டு கிடப்பார்.

நீங்கள் ஷெட்டுக்கு வருவதோ பஸ் புறப்படும் நேரத்துக்கு. எத்தனை ஆட்கள் இருந்தால் கட்டுப்படியாகும் என்று பார்க்கப் பதினைந்து நாள் வந்தீர்கள். பதினைந்து நாளும் அவர் படுத்திருப்பதைத்தான் பார்த்தீர்கள்.

"என்னப்பா, இந்தாளு எந்நேரமும் தூங்குறாரு?" என்று என்னிடம் கேட்டீர்கள்.

"அதுக்குத்தானே மொதலாளி சம்பளம் குடுக்குறீங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். படுத்திருந்தவரும் சிரித்தார். மறு வாரம் அவரை நிறுத்திவிட்டீர்கள். என் வாயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுப்பு மூட்டும் வேலை டிரைவர் தலையில் விழுந்தது. புகையைக் குடித்த கையோடு ஸ்டியரிங் பிடித்தார். ஒரு நாள் புறப்படும் முன்பே வாந்தி எடுத்தார்.

"லீவு கேளுங்கண்ணே" என்றேன்.

"கேட்டா வண்டிய யாரு ஓட்டுறது? நீ ஓட்டுறியா? டிக்கெட் கிழிக்கிற கையி."

இருந்தும் உங்களிடம் வந்து கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஒனக்கு லீவு குடுத்தா பஸ்ஸு நிக்கும். மாத்து ஆளுக்கு எங்கிட்டுப் போறது? எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே ஓட்டு" என்றீர்கள்.

அவர் எலுமிச்சம்பழத்தை மடியில் போட்டுக்கொண்டார். விசில் கொடுத்தது நான். அறந்தாங்கிக்கு இந்தப் பக்கம், கண்மாய்க் கரை வளைவில் வண்டி திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, தலை தொங்கியிருந்தது. கரைக்குக் கீழே கருவேல மரத்தில் மோதி நின்றோம். பயணிகளுக்குக் காயம். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

வளைவில் வேகமாகப் போனார் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். கரி வண்டியில் ஏது வேகம்? ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய வண்டி அது. என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். போட்டேன். பிழைப்புப் போய்விடும் என்று பயம். இன்று அந்தப் பயம் இல்லை.

இப்போது மேடைக்கு மேடை சிக்கனம் பற்றிப் பேசுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். டிரைவரின் மனைவியும் வருவாள். மாற்று டிரைவரை ஏன் நிறுத்தினீர்கள், அன்று ஏன் லீவு கொடுக்கவில்லை? மைக்கைப் பிடித்து, ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.