ஆர்டிஸின் பாறை

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் கெட்டில் ஏரிக்கரையில் பதினான்கு அறை விடுதியை என் கையாலேயே கட்டினேன். மீன் பிடிக்க வெளியூர்க்காரர்கள் வந்தால்தான் ஊர் பிழைக்கும் என்று முதலில் சொன்னவனும் நான்தான். அவர்களை வரவழைத்தது என் விடுதி. திரும்பத் திரும்ப வரவைத்தது ஆர்டிஸ். அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஆர்டிஸ் லிண்ட்வால், மீன் பிடிக்க வருபவர்களைக் கூலிக்கு ஏற்றிப் போகும் படகோட்டி. ஆறு ஏரியில் வந்து சேரும் இடத்துக்கு அப்பால், தண்ணீருக்கடியில் ஒரு பாறைத்திட்டு. நூலில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கி இறக்கி, பதினொரு கோடைகாலம் தேடிக் கண்டுபிடித்தாள். எப்போது போனாலும் அங்கே மீன் உண்டு. அவளுக்குச் சோறு போட்டது அந்தப் பாறை ஒன்றுதான்.

அங்கே போகும்போது, வழி தெரியக் கூடாதென்று ஆட்களைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைப்பாள். சுற்றிச் சுற்றி ஓட்டுவாள்.

"கண்ணையும் கட்டிடுவியாம்மா?" என்பார்கள்.

"கட்டினா தூண்டில்ல உங்க காதையே மாட்டிப்பீங்க!"

ஒரு ஜூனில் நகரத்திலிருந்து பிரெண்ட் என்பவன் வந்தான்.

"ஓடெல், தொணதொணன்னு கேள்வி கேக்கறான். இவன் வேணாம்யா," என்றாள் ஆர்டிஸ் என்னிடம்.

"நாலு அறை எடுத்திருக்கான். ஏத்திட்டுப் போ ஆர்டிஸ்."

"உனக்கு உன் அறைதான்!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். முகத்தைத் திருப்பி உட்கார வைத்தாள், அவன் சட்டைப்பையைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் யார் பையையும் பார்ப்பதில்லை. பைக்குள் ஜிபிஎஸ் கருவி இருந்தது. போன வழி முழுக்க அதில் பதிந்துவிட்டது. அதை அவன் இணையத்தில் போட்டான்.

அடுத்த கோடையில் பாறைமேல் முப்பது படகுகள். ஊர் கொழுத்தது. இரண்டாவது பெட்ரோல் பங்க் வந்தது, படகுக்கடை வந்தது. என் அறைகள் இருபத்தாறு ஆயின. வந்தவர்களுக்கெல்லாம் வழி தெரியும். ஆர்டிஸைக் கூப்பிடத்தான் ஆளில்லை. மறுவருஷம் படகை விற்றாள்.

என் விடுதியில் மீன் அறுக்கும் வேலை கொடுத்தேன். பெரிய மனசு என்று ஊரே சொன்னது. அவள் சொல்லவில்லை.

"ஏத்திட்டுப் போன்னு சொன்ன வாய்தானே இது?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் கத்தியோடு வேலைக்கு வந்து நின்றாள்.

போன ஆகஸ்டில் விடுதிக்குப் புதிதாக வந்த ஒருவன் கூடை நிறையப் பெர்ச் மீனை அவள் மேசையில் கொட்டினான்.

"எங்க பிடிச்சேன்னு மட்டும் கேக்காதீங்கக்கா. ஆத்து முகத்துக்கு அந்தாண்ட ஒரு ரகசியப் பாறை! இணையத்துல ராத்திரி பூரா தேடிக் கண்டுபிடிச்சேன்."

ஆர்டிஸ் கத்தியை நிறுத்தவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதே தம்பி. முக்கியமா, இந்த விடுதிக்காரன்கிட்ட."

நான் பக்கத்தில்தான் நின்றேன். காலிக் கூடையை எடுத்துக் கழுவப் போனேன்.