புருவத்தில் பாதிக் கோயில்

என் மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு படிகத் தகடு கிடக்கிறது. உற்றுப் பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு. பிரிக்க முடியாதபடி ஒட்டியவை. நடுவே கடுகளவில் ஒரு வானவில் வளையம். வீட்டுக்கு வருகிறவர்கள், "அழகா டிசைன் போட்டிருக்காங்களே" என்பார்கள். டிசைன் அல்ல, அது என் பக்தி.

சாங்கி விமான நிலையத்துப் பக்கம் ஒரு பட்டறையில், விண்வெளித் தொலைநோக்கிகளுக்கான படிகத் தகடுகளை ஒட்டுவது என் வேலை. பசை கிடையாது. அவ்வளவு சமமாக மெருகேற்றிய இரு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தாமாகவே கவ்விக்கொள்ளும். இடையில் தூசி புகுந்தால் வளையம் காட்டிக்கொடுத்துவிடும். மேலே போனபின் யாரும் போய்த் துடைத்துவிட்டு வர முடியாது. ஆகவே பவுடர், பொட்டு, திருநீறு எதுவும் முகத்தில் ஆகாது. வாசலிலேயே முகம் பார்த்து உள்ளே விடுவார் எங்கள் ஆய்வாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய பதிவேட்டில் அதுவரை ஒரு கறை கிடையாது.

என் வேலை ஒப்பந்தம் முடியவிருந்த வாரம் அது; நீட்டிப்பார்களா என்று தெரியாது. தூசி விழக் கூடாதே என்று வேண்டிக்கொள்ள, காலையிலேயே சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனேன். வேண்டுதலின் கனத்துக்கேற்பப் பட்டை பட்டையாகப் பூசினேன். பட்டறைக்கு வந்து முகம் கழுவினேன், கழுவியதாக நினைத்தேன்.

ஒட்டி முடித்ததும் ஆய்வாளர் விளக்கின்கீழ் குனிந்தார். வளையம். நிமிர்ந்து, என் தலையுறைக்கும் முகமூடிக்கும் நடுவில் பார்த்தார்.

"அண்ணே, காலைல எந்தக் கோயில்?"

"கோயிலா? நானா?"

"புருவத்துல பாதிக் கோயில் இருக்கு லா."

பிரிக்கப் பார்த்தோம், அசையவில்லை. அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதும்போது, ஒப்பந்தத்தின் முடிவுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவதுபோல் இருந்தது. பேனாவை வாங்கி, அதன்கீழே அவர் தம் பெயரையும் எழுதினார்.

"நீங்க எதுக்கு?"

"மூஞ்சியப் பார்த்து உள்ள விட்டது நான்தானே." பிறகு சிரித்தார். "எங்க சர்ச்லயும் திருநீற்றுப் புதன்னு நெத்தியில சாம்பல் பூசுற நாள் இருக்குண்ணே. அன்னிக்கு நான் லீவு போட்டுருவேன்."

மிச்சமிருந்தது ஒரே ஜோடி. மேலாளர் அதை வேறொருவர் ஒட்டட்டும் என்றார். இன்றைக்கு இவரைவிடச் சுத்தமாக யாரும் முகம் கழுவப் போவதில்லை என்று வாதாடியவர் ஆய்வாளர்தான். நான்கு முறை கழுவினேன். புருவத்தை மழிக்கச் சொல்லியிருந்தால் மழித்திருப்பேன். ஒட்டினேன். அவர் விளக்கின்கீழ் நெடுநேரம் குனிந்திருந்தார். வளையம் இல்லை. நிமிர்ந்து கையெழுத்திட்டார்.

என் ஒப்பந்தம் நீண்டது. அவருடைய கறை அப்படியே நின்றது. அதன்பின் தினமும் வாசலில் டார்ச் அடித்து "புருவம்?" என்பார், நான் தூக்கிக் காட்டுவேன். கல்யாணமாகிப் பெர்த் நகருக்கு அவர் புறப்பட்ட அன்று, அனுமதி வாங்கி இந்தத் தகட்டைப் பொதிந்து கொடுத்தார். "பிரசாதம்ணே, வச்சுக்குங்க."

நல்ல ஜோடி எங்கோ மேலே விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோயிலுக்கு இப்போது வேலை முடிந்துதான் போகிறேன். திரும்பி வந்து, மேசைமேல் இருப்பதைத் துணியால் துடைக்கும்போது, யாரும் கேட்காமலே புருவம் தானாக உயர்ந்துவிடுகிறது.