மில்ட்ரெட் வேலை பார்க்காத பன்னிரண்டு வருஷம்

மில்ட்ரெட் அபெல்யனோசாவின் ரெஸ்யூமேயை எத்தனை தடவை அடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. செபு நகரத்தில் எங்கள் சந்து முனையில், வீட்டு வாசலிலேயே ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஜெராக்ஸ் மெஷினும் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊரில் என் தொழிலுக்குப் பஞ்சமே வராது. வேலை இல்லாதவர்கள் இருக்கும்வரை எனக்கு வேலை உண்டு.

அதற்கு முன்னால் நானும் அவளும் ஐந்து மாடிக் கடையில் ஒன்றாக நின்றவர்கள். நின்றவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே எங்களுக்கு நாற்காலி கிடையாது. அவள் பெண்கள் செருப்புப் பிரிவு. நான் எதிரே கைப்பை. கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு பேரும் கண்ணாலேயே வாடிக்கையாளர்களைக் கிண்டல் செய்துகொள்வோம். மில்ட்ரெட்டுக்கு ஒரு வியாதி, யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகம். பாதிரியாரைக்கூட அப்படித்தான் பார்த்தாள்.

ஆறு மாதம் ஒரு ஆளை வைத்திருந்தால் சட்டப்படி நிரந்தரமாக்க வேண்டும். ஆகவே யாரையும் ஆறு மாதம் வைத்திருக்க மாட்டார்கள். ஐந்தாம் மாதம் முடிந்ததும் ஒப்பந்தம் முடியும். பிரிவு உபசாரமாக நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளில் வேறு ஒரு ஏஜென்சி அதே கடைக்கு அதே இடத்துக்கு எங்களை அனுப்பும். கழுத்தில் தொங்கும் அட்டைதான் மாறும். கடை அதே, செருப்பு அதே, அதட்டுகிற மேற்பார்வையாளர் மேடம் பசிலிசாவும் அதே. எனக்கு இந்த நாடகம் நாலு வருஷத்தில் அலுத்துவிட்டது. என் புருஷன் கப்பலில் இருந்தான், என்னால் விட முடிந்தது. மில்ட்ரெட்டின் ஆள் மனிலாவுக்குப் போனவன் போனவன்தான். அவள் பன்னிரண்டு வருஷம் நின்றாள்.

மில்ட்ரெட்டுக்குக் குழந்தை பிறந்தபோது ஞானத்தாயாக இருக்க வேண்டும் என்று மேடம் பசிலிசாவைக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். சொந்தக்காரியை விட மேலதிகாரியைப் பிடித்தால் நாளைக்கு ஒரு கை கொடுப்பார்கள் என்ற கணக்கு. ஞானஸ்நான விருந்துக்கு மேடம் வந்தாள். குழந்தைக்குத் தங்கத் தோடு போட்டாள். பன்றி ரோஸ்ட்டில் மொறுமொறுத்த தோலாகப் பார்த்து எடுத்துச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'மாரே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளையைப் பெற்றவளும் ஞானத்தாயும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள், கூடப் பிறந்ததற்குச் சமானம். கடைக்குள் மட்டும் மேடம்.

மில்ட்ரெட்டுக்கு முப்பத்தெட்டு முடிந்ததும் எந்த ஏஜென்சியும் அவளைச் சேர்க்கவில்லை. விளம்பரங்களில் வயது இருபத்தைந்துக்குள், உயரம் ஐந்தடி மூன்று, இனிமையான தோற்றம் என்று போட்டிருக்கும். செருப்பு விற்க உயரம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. குனிந்துதானே விற்க வேண்டும்?

வருஷக்கணக்காக அவள் கொண்டு அலைந்த ரெஸ்யூமே மூன்று பக்கம். ஐந்து மாதம் ஒரு ஏஜென்சி, ஐந்து மாதம் இன்னொரு ஏஜென்சி என்று மளிகைச் சீட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகும். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், "எந்த இடத்துலயும் நிலைக்க மாட்டீங்க போலிருக்கே?"

அப்போதுதான் மக்தான் தீவில், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக்கடை திறக்கப் போகிறது என்று செய்தி வந்தது. நாற்பது வயது வரை எடுப்பார்கள், ஏஜென்சி கிடையாது, ஆறு மாதத்தில் நிரந்தரம். டிசம்பரில் மில்ட்ரெட்டுக்கு நாற்பது. இதை விட்டால் வேறு எதுவும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேலைவாய்ப்புச் சந்தையில் ஒருவன் டை கட்டிக்கொண்டு இலவசமாக ரெஸ்யூமே திருத்திக் கொடுத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னான். "அக்கா, ஒரே பக்கம். அதுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க. அப்பா அம்மா தொழில், மதம், எடை எல்லாம் வேண்டாம். ஒரே கடையிலதானே நின்னீங்க? அப்போ கடை பேரைப் போட்டு, இந்த வருஷத்துலேர்ந்து இந்த வருஷம் வரைக்கும்னு ஒரே வரியில முடிங்க. என்ன வேலை பாத்தீங்கன்னு கீழ எழுதுங்க. பரிந்துரைக்கு உங்க வேலையைக் கண்ணால பாத்தவங்க பேரைக் குடுங்க."

அவள் ஓடிவந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அடிடி டெலியா. பன்னிரண்டு வருஷம், ஒரே கடை. கேக்கவே எப்படி இருக்கு பாரு."

"மதத்தை எடுத்துடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். கடவுளை எடுத்துட்டு வேலை கேக்கச் சொல்றியா?"

"எடையையாவது எடுத்துடறேன்டி. அது உனக்கே நல்லதில்ல."

"போடி, மூதேவி."

எவ்வளவு இறுக்கியும் ஒன்றேகால் பக்கத்துக்குக் கீழே வரவில்லை. சரக்கு எண்ணியது, கண்ணாடி துடைத்தது, கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஒருத்தி மயங்கி விழுந்தபோது தண்ணீர் தெளித்தது எல்லாம் வேண்டும் என்று அடம்பிடித்தாள். பரிந்துரைக்கு மேடம் பசிலிசா பெயரைச் சொன்னாள். சொந்தக்காரர்கள் பெயர் கூடாது என்பது விதி. மாரே சொந்தமா இல்லையா என்று சிரித்துக்கொண்டே அடித்தேன்.

நேர்முகத்துக்கு நானும் போனேன். ஒரு கல்யாண மண்டபம் மாதிரி பெரிய கூடம், வரிசையாக மேஜைகள். மில்ட்ரெட்டின் கைப்பையை வைத்துக்கொண்டு பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேஜையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காகிதத்தைப் படித்து முகம் மலர்ந்தாள்.

"ஒரே இடத்துல இத்தனை வருஷமா! அக்கா, இந்த மாதிரி ஆளுங்களைத்தான் தேடறோம். ஒரே ஒரு போன் பண்ணிக் கேட்டுக்கறேன், அவ்வளவுதான்."

கூடத்தில் ஒரே இரைச்சல். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். முதலில் கடையின் அலுவலகம். அந்தப் பெயரில் எங்கள் சம்பளப் பட்டியலில் யாரும் இருந்ததில்லை என்றார்கள். மில்ட்ரெட் பதறவில்லை. "ஏஜென்சி வழியா வந்தேன், அதான். மேடம் பசிலிசாவைக் கேளுங்க, அவங்க கீழதான் நின்னேன்" என்றாள். ஏஜென்சிகளை எங்கே போய்க் கேட்பது? பாதி மூடிவிட்டார்கள், மீதி பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

மேடம் பசிலிசா எடுத்தாள். அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் முதுகு தானாக நிமிரும்.

"மில்ட்ரெட்டா? அந்தப் பேர்ல எனக்குக் கீழ யாரும் வேலை பாக்கலையேம்மா."

மில்ட்ரெட் போனுக்கு மேல் குனிந்தாள். "மாரே, நான்தான். பக்கத்துலதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் கடையின் அறிவிப்பு மட்டும் கேட்டது, மூன்றாம் மாடியில் தள்ளுபடி. பிறகு மேடம் சொன்னாள், "மன்னிக்கணும். எங்க பதிவுல இல்லாதவங்களைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது." வைத்துவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் தெரியாமல் இல்லை. போன வருஷம் கிடங்குப் பையன்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். எங்களிடம் வேலை வாங்கியது கடைதான் என்று நிரூபித்தால் கடைதான் முதலாளி, எல்லோரையும் நிரந்தரமாக்க வேண்டும். அதிலிருந்து ஏஜென்சி ஆட்களைத் தெரியும் என்று வாயைத் திறக்கிற மேற்பார்வையாளருக்கு வேலை போய்விடும். மேடத்துக்கு ஓய்வு நெருங்குகிறது. எல்லாம் புரிகிறது. புரிந்து என்ன ஆகப் போகிறது? மொறுமொறுத்த தோல் அத்தனையும் அவள் வயிற்றுக்குள்தானே போயிற்று?

மேஜைப் பெண் நெளிந்தாள். "அக்கா, நான் உங்களை நம்பறேன். ஆனா இங்க 'சரிபார்த்தாச்சு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் எப்படி டிக் போடறது?"

"நீ என்ன பண்ணுவே, பாவம்" என்று மில்ட்ரெட் எழுந்தாள். அந்தப் பெண்ணின் காலைப் பார்த்து, "இந்த ஷூ உனக்குக் கடிக்குது. அரை சைஸ் பெரிசா வாங்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஜீப்னி வண்டியில் திரும்பி வரும்போது நான் மேடத்தைத் திட்டித் தீர்த்தேன். மில்ட்ரெட் பாலம் தாண்டியதும் போனைக் காட்டினாள். மேடத்திடமிருந்து செய்தி. 'கோபப்படாதே மாரே. பாப்பாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு என்ன வேணும்?'

"என்ன பதில் போடப் போறே?" என்றேன்.

"செருப்பு" என்றாள்.

டிசம்பர் தாண்டியது. வேறு எந்தக் கடையும் அவளைக் கூப்பிடவில்லை. ஜனவரியில் ஒருநாள் வந்து உட்கார்ந்தாள். கோழி வெட்டும் ஆலையில் ஆள் எடுக்கிறார்களாம், முன் அனுபவம் தேவையில்லையாம், ரெஸ்யூமே மட்டும் வேண்டுமாம்.

"பழசையே எடுத்துக் குடுக்கவா?" என்றேன்.

"வேண்டாம். அதுக்கும் போன் பண்ணிக் கேப்பாங்க. பேர் அடி. மதம் அடி. அப்பா மீனவர், அம்மா வீட்டு வேலை, அதையும் அடி."

"அனுபவம்?"

"இல்லைன்னு அடி."

நான் கீபோர்டில் கை வைக்காமல் அவளைப் பார்த்தேன். "மில்ட்ரெட், பன்னிரண்டு வருஷம்டி. நான் எதிர்ல நின்னு பாத்தேன்."

"நீ பாத்தே. உனக்கே அங்க பேர் கிடையாது. அடிடி, நேரமாகுது."

அடித்தேன். அடியில், எல்லா ரெஸ்யூமேயிலும் வருகிற அந்த வரி, மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். அதற்குக் கீழே நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு காகிதத்தைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்தியாடி," என்றாள், "ஒரே பக்கத்துல வந்துடுச்சு."